கடிகாரம் பார்க்காத கணக்கு

வதந்திக்கும் கணித சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தம்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், தொழிற்சாலைப் பெண்கள் நூறு பேர் தங்கியிருக்கும் விடுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த வருஷம் போனஸ் கிடையாதாம்" என்று ஒருத்தி வாயைத் திறக்கிறாள். செய்தி பரவச் சொல்ல ஆளும் வேண்டும். கேட்க ஆளும் வேண்டும். ஆகவே அறிந்தவர் தொகையை அறியாதவர் தொகையால் பெருக்கி நூறால் வகுத்தால், மணிக்கு இத்தனை பேர் என்று வேகம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம்.

இந்த விதியில் ஒரு விசேஷம் உண்டு. இப்போது காலையா, மாலையா என்று இது கேட்பதே இல்லை. எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஒன்றே போதும். இப்படிக் கடிகாரத்தைப் பாராமல், தன் நிலையை மட்டும் பார்த்து நடப்பதைத் தன்னாட்சி வகைக்கெழுச் சமன்பாடு என்பார்கள். பெல்ஜியத்துக்காரரான வெர்ஹுல்ஸ்ட், 1838-இல் ஜனத்தொகையைப் பற்றி எழுதிய கணக்கின் அமைப்பும் இதுதான்.

இருபது பேருக்குத் தெரிந்திருக்கையில் வேகம் 16. எண்பது பேருக்குத் தெரிந்திருக்கையிலும் அதே 16! ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் வேகம் ஏறுகிறது, பின்னதில் இறங்குகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்வதுதான் இரண்டாம் வகைக்கெழு.

அதைக் காண முதலில் சமன்பாட்டைத் தீர்த்தாக வேண்டும் என்று பிள்ளைகள் மலைக்கிறார்கள். வேண்டியதே இல்லை. சங்கிலி விதி இருக்கிறதே! ஆள் ஒன்று கூடினால் வேகம் எந்த வீதத்தில் மாறும் என்று பார்த்து, அதை இப்போதைய வேகத்தால் பெருக்கினால் தீர்ந்தது. இருபதில் அந்த வீதம் 0.6, பதினாறால் பெருக்கினால் 9.6. எண்பதில் அதுவே கழித்தல் 9.6. ஐம்பதில் பூஜ்யம், அங்கேதான் வேகம் உச்சியில், 25-இல், நிற்கிறது. நாளை நடக்கப் போவது தெரியாமலே, இன்றைய நிலையைக் கொண்டு போக்கைச் சொல்லிவிடலாம்!

ராமாநுஜர் அவதரித்த இந்த ஊரின் வளர்ச்சியும் அப்படித்தான் தோன்றியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது. ஒரு தொழிற்சாலை வந்தால், அதற்கு உதிரிப்பாகம் செய்ய வேறு சில வரும். இருப்பதைக் கொண்டே வளரும் சமாசாரம் என்றுதான் நானும் எண்ணினேன். நிலமும் நீரும் அளவோடு இருப்பவை. ஆகையால் ஐம்பதைத் தாண்டிவிட்டோமா என்பதே கேள்வி என்று பட்டது.

ஆனால் 2014-இல் நோக்கியா தன் கைப்பேசி வியாபாரத்தை மைக்ரோஸாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை விற்பனையில் சேரவில்லை. நவம்பரில் உற்பத்தி நின்றது. அன்று உள்ளே வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் கை எவ்வளவு வேகம் என்பதை எந்தச் சமன்பாடும் கேட்கவில்லை. விதியையே வெளியில் இருப்பவர்கள் மாற்றிவிட்டார்கள். தன்னாட்சி என்ற சொல்லைக் கணக்குப் புத்தகத்தில் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நவம்பர் மாதம் நினைவுக்கு வருகிறது.