நீலப் புகை

எங்கள் இல்லத்தில் பழைய அம்பாசடர் மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், 2014ஆம் ஆண்டு வரை உருவாகி வந்த இனத்தைச் சேர்ந்தது அது. 1996ஆம் ஆண்டில் அவ்வண்டிக்கு ஒரு நோய் கண்டது. முந்நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெயைக் குடித்துவிடும். பின்புறம் நீலப் புகை எழும். எண்ணெய் எரிவதன் அடையாளம் அந்நீல நிறமே.

தரகர் ஒருவர் வந்தார். "தடித்த எண்ணெயாக ஊற்றுங்கள், புகை சில நாள் அடங்கியிருக்கும். அதற்குள் விற்றுவிடலாம்" என்றார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. உண்மையைச் சொல்லி விற்றால் பாதி விலையும் தேறாது. செப்பனிட்டாலோ, என் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தில் கைவைக்க வேண்டும்.

மறுநாள் சிம்மக்கல் பக்கத்தில் இருந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். "எண்ணெய் எவ்வழியாகப் போகிறது என்று அறியாமல் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது, ஐயா" என்றார் அவர். இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். காலையில் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே கசிவன்று. பின்னர் அழகர்மலைச் சாலையில் ஏறினோம். வால்வின் வழியே எண்ணெய் இறங்கினால், இறக்கத்தில் வந்தபின் மீண்டும் விசையை மிதிக்கும்போது புகை மிகும். எங்கள் வண்டியோ ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் புகைத்தது.

அவர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். இரண்டில் குறைந்திருந்தது. அவற்றுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க, அழுத்தம் உயர்ந்தது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவ்வெண்ணெய் சிறிது நேரம் அடைத்ததே காரணம். தேய்ந்தவை வளையங்கள் என்பது தெளிவாயிற்று.

எஞ்சினைப் பிரித்தபின், "தம்பி, இங்கே நகத்தை வைத்துப் பாருங்கள்" என்றார். சிலிண்டரின் மேல் விளிம்பில் ஒரு படி தட்டுப்பட்டது. வளையம் உரசாத இடம் உயர்ந்து நிற்க, உரசிய இடம் குழிந்திருந்தது. அத்தகைய சுவருக்குப் புதிய வளையம் மட்டும் போதாது. காரணத்தையும் அவரே கண்டார்: காற்று வடிகட்டி கிழிந்திருந்தது. திருமங்கலத்துக் கரிசல் புழுதியில் அவ்வாறே பல திங்கள் ஓட்டியவன் நான். கிழிசலைக் கண்டும் வாளாவிருந்தேன். தந்தையார் என்னை ஒருமுறை நோக்கினார். வைதிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

கட்டணப் பணம் செலவாயிற்று. சிற்றப்பா கடன் தந்து உதவினார். சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் வளையமும் பொருத்தினர். முதல் சில நாள் அப்பொழுதும் மெல்லிய புகை வந்தது. "புது வளையம் சுவரோடு பழக வேண்டும்; விரைந்து ஓட்டாதீர்கள்" என்று பெரியவர் தேற்றினார்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய அன்று, சோழவந்தான் வயலோரத்தில் தந்தையார் வண்டியை நிறுத்தி அளவுக் கம்பியை உருவினார். எண்ணெய் மேற்கோட்டிலிருந்து ஒரு நெல்மணி அளவே இறங்கியிருந்தது. கம்பியைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் பார்" என்றார்.