கடலுக்கு மேலொரு வெள்ளைத் துண்டு

நான் விஞ்ஞான ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். எத்தனையோ பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். சரியாகச் சொன்னவை ஒன்றும் இப்போது ஞாபகத்தில் இல்லை. பிழையாகச் சொன்ன ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

1998ஆம் ஆண்டு. தென்கரையோரக் கிராமமொன்றின் தமிழ்மொழி மூலப் பாடசாலை. பத்தாம் வகுப்பு. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைப் பேச அன்று எனக்கு ஆசை வந்தது. எம் 87 என்ற இராட்சத விண்மீன் மண்டலத்தின் நடுவில் பெருங் கருந்துளை இருப்பதற்கான சான்றை ஹபிள் தொலைகாட்டி 1994இல் காட்டியிருந்தது. எங்கள் பால்வீதியின் நடுவிலும் ஒன்று இருப்பதற்கான சான்றுகள் வந்துகொண்டிருந்தன. இவற்றைச் சொல்லி, ‘பெரிய மண்டலம், பெரிய கருந்துளை’ என்று கரும்பலகையில் எழுதினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். கடற்றொழிலாளி ஒருவரின் மகள். அவளுடைய வாப்பா மழைக்காலம் ஓய்ந்த இரவுகளில் கடலுக்குப் போகும்போது, தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைத் துண்டைக் காண்பாராம். முகிலென்றால் கலைய வேண்டுமே, அது கலைவதில்லையாம்.

“சேர், அதுக்குள்ளயும் கருந்துளை இருக்குமா?”

அவள் சொன்னது பெரிய மகெல்லன் முகிலை. பெயரில்தான் ‘பெரிய’ இருக்கிறது. பால்வீதியோடு ஒப்பிட்டால் அது ஒரு குள்ள மண்டலம். 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எங்கள் தென்கரையில் நின்று பார்த்தால் அடிவானத்திலிருந்து ஏறத்தாழப் பதினைந்து பாகைக்கு மேல் அது எழும்புவதில்லை. அதைப் பார்க்க இருட்டான கடலும் தெற்கு நோக்கிய கரையும் வேண்டும். அவளுடைய வாப்பாவுக்கு இரண்டும் இருந்தன. எனக்கும் இருந்தன. நான்தான் ஒருநாளும் பார்த்ததில்லை.

“அது சின்னது. சின்னதுக்குள்ள அதெல்லாம் இருக்காது. இரு” என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் இருந்துவிட்டாள்.

சில வருடங்களின் பின்னர்தான் ஒரு விடயம் எனக்குத் தெரியவந்தது. நான் ‘இருக்காது’ என்று சொல்வதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னரே, 1989இல், பிலிப்பென்கோ, சார்ஜென்ட் என்ற இருவர் என்ஜிசி 4395 என்ற சிறிய மண்டலத்தின் நடுவில், வாயுவை விழுங்கும் கருந்துளைக்குரிய அடையாளத்தைக் கண்டு எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை அச்சில் இருந்திருக்கிறது. நான் வாசித்திருக்கவில்லை. வாசிக்காததைக்கூட மன்னிக்கலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போலச் சொன்னேனே, அதுதான் உறுத்தியது.

அதன் பிறகு இந்தக் குள்ள மண்டலங்களைப் பற்றி எது வந்தாலும் தேடி வாசிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கடனாளி கணக்குக் கொப்பியைப் புரட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2011இல் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி ரைன்ஸ், ஹெனைஸ் 2-10 என்ற குள்ள மண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ மூன்று கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ளது அது. அவர் கருந்துளையைத் தேடிப் போனவரல்லர். அங்கே விண்மீன்கள் பிறக்கும் விதத்தைப் பார்க்கப் போனவர். வானொலி அலைகளில் எடுத்த படத்தில் ஒரு புள்ளி அவருடைய கண்ணை உறுத்தியது. சந்திரா செய்மதி எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்திலும் அதே இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, சூரியனின் திணிவைப்போலப் பத்து இலட்சம் மடங்கு அளவிலான ஒரு கருந்துளை அங்கே இருப்பதாகத் தெரிந்தது.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமும் அப்படித் தோன்றலாம் என்றார்கள். அந்த ஐயம் நியாயமானது. குள்ள மண்டலங்களில் கருந்துளையும் சிறியது, அதைச் சுற்றிப் புதிதாகப் பிறக்கும் விண்மீன்களின் வெளிச்சமோ அதிகம். கலியாண வீட்டு மின்குமிழ்களுக்கிடையில் ஒரு குப்பி விளக்கைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை அது. 2022இல் ஷூட், ரைன்ஸ் இருவரும் ஹபிளின் நிறமாலைகளைக் கொண்டு, அந்தப் புள்ளியிலிருந்து வாயு தாரையாகப் புறப்பட்டுப் போவதைக் காட்டினார்கள். அந்தத் தாரை சென்று மோதிய இடத்தில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் விழுங்குவது என்று நான் வகுப்பில் வர்ணித்த பொருள், அங்கே பிறப்புக்கும் காரணமாக இருந்திருக்கிறது.

இடையில் 2013இல், ரைன்சும் அவருடைய சகாக்களும் இருபத்தையாயிரம் குள்ள மண்டலங்களின் ஒளியைச் சலித்தெடுத்து, கருந்துளை இருக்கக்கூடிய 151ஐ வேறாக்கினார்கள். எது குள்ளம் என்பதற்கு அவர்கள் வைத்த மேலெல்லை, ஏறத்தாழ அந்த மகெல்லன் முகிலின் அளவு. 2020இல் 111 குள்ள மண்டலங்களை வானொலித் தொலைகாட்டிகளால் பார்த்தபோது 13இல் பெருங் கருந்துளைகளுக்கான அடையாளம் கிடைத்தது. அவற்றில் ஏறத்தாழப் பாதி, மண்டலத்தின் நடுவில் இல்லை. ஓரங்களில் கிடந்தன. சிறிய மண்டலத்தின் ஈர்ப்பு பலவீனமானது. இன்னொரு மண்டலத்தோடு மோதிக் கலந்தால் கருந்துளை நடுவுக்கு வந்து சேராமல் அலையலாம். நடுவில் மட்டும் தேடியவர்களுக்கு அவை அகப்பட்டிருக்கா.

அதை வாசித்த இரவு, என் வகுப்பறையின் பின்வரிசை கண்ணுக்குள் வந்து நின்றது.

சின்ன மண்டலங்களில் இவ்வளவு அக்கறை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய மண்டலங்கள் மற்றவற்றை விழுங்கி வளர்ந்தவை. அவற்றின் கருந்துளைகள் தமது பிறப்பு நிறையை எப்போதோ தொலைத்துவிட்டன. குள்ள மண்டலங்கள் அவ்வளவாக வளராதவை. ஆகவே, கருந்துளைகள் ஆதியில் எப்படிப் பிறந்தன என்பதன் சுவடு அவற்றில்தான் மிஞ்சியிருக்கும். முதல் விண்மீன்கள் மடிந்து, சூரியனைப்போல நூறு மடங்கு அளவிலான விதைகளாயின என்பது ஒரு கருத்து. பெரும் வாயுத்திரள்கள் நேரடியாகவே சரிந்து, பல்லாயிரம் மடங்கு விதைகளாயின என்பது இன்னொன்று. முதலாவது சரியென்றால் பெரும்பாலான குள்ள மண்டலங்களில் கருந்துளை இருக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் சிலவற்றில்தான் இருக்கும். எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுவதே இன்றைய வேலை.

2025இல் நான் காத்திருந்த செய்தி வந்தது. பால்வீதியின் வெளிப்புறத்தில் அதிவேகமாக ஓடும் 21 விண்மீன்களின் வழித்தடங்களை, கையா செய்மதியின் அளவீடுகளைக் கொண்டு பின்னோக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழப் பாதி, மகெல்லன் முகிலிலிருந்து எறியப்பட்டவை. சோடியாகச் சுற்றும் இரு விண்மீன்கள் பெருங் கருந்துளையை நெருங்கினால், ஒன்று அகப்பட்டுக்கொள்ள மற்றது இப்படி வீசியெறியப்படும். எறிந்த கை சூரியனைப்போல ஆறு இலட்சம் மடங்கு என்று கணித்தார்கள். கருந்துளையை நேரே கண்டவர் இல்லை, சான்று மறைமுகமானதுதான். ஆனாலும் ‘இருக்காது’ என்று சொல்ல இனி யாருக்கும் நாக்கு எழாது.

அவ்வருடமே அந்தக் கிராமத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெண் சலாம் சொன்னாள். அவள்தான். பக்கத்தில் பதினான்கு வயது மகள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டதாகவும், வாப்பா மௌத்தாகிச் சில வருடங்கள் என்றும் சொன்னாள். நான் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைச் சொல்லி, “நீ கேட்டது சரி மகள், நான் சொன்னதுதான் பிழை” என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு சிரித்தாள்.

“நான் அப்பிடிக் கேட்டனா சேர்? எனக்கு ஞாபகமே இல்ல.”

இருபத்தேழு வருடங்கள் நான் சுமந்தது அவளிடம் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கேட்டவளிடமிருந்தே அந்தக் கேள்வியை அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

மகள் மட்டும் விடவில்லை. எறியப்பட்ட விண்மீன்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். பிறகு, “அப்ப எல்லாச் சின்னதுலயும் இருக்குமா?” என்றாள்.

உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.

“தெரியாது மகள்” என்றேன். “இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய், சொல்லு பார்ப்பம்.”