பரணில் இருந்த ஜப்பான் டிரம்ஸ்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகிறவர்களுக்குத் திரு.வி.க. பாலத்தில் ஏறியதுமே ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கும். 1973-ல் திறந்த பாலம் அது. தாண்டினால் காந்தி நகர். மர நிழலும் தனி வீடுகளுமாக இருந்த தெருக்களில் இப்போது ஒவ்வொரு வீடாக இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். என் மாமா வீட்டுக்கும் முறை வந்துவிட்டது.

மாமா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இளவயதில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். வெளிநாட்டு வாத்தியம் வாங்குவது லேசில்லாத அந்தக் காலத்தில், கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் மூலமாக அதை வரவழைத்தாராம். எந்த வருஷத்துச் சாமான், என்ன பெறும் என்று யாருக்கும் தெரியாது.

பரணைக் காலி செய்யும்போது மாமி என்னைக் கூப்பிட்டார். "பழைய சாமான்காரன் எடைக்குப் போடுங்கறான். பையனும் தூக்கிப் போட்டுடுங்கறான். எனக்கு மனசு வரலைடீ!"

இரண்டு பேரும் சின்ன டிரம்மைப் புடவைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கோட்டூர்புரம், நந்தனம் தாண்டி வெங்கடநாராயணா சாலை. தேவஸ்தானக் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பனகல் பார்க் பக்கம் இருக்கும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். மாமாவோடு கூட வாசித்தவர் அவர்.

"பெரிய டிரம் முகப்பில் 'பேர்ல்' என்று எழுதியிருக்கிறதே?" என்று கேட்டேன். அதை நம்பக் கூடாதாம்! முகப்பு பிளாஸ்டிக் தோல்தானே, கிழிந்தால் எந்தக் கம்பெனித் தோலையும் மாட்டுவார்களாம். பார்க்க வேண்டியது பக்கவாட்டில், காற்றுத் துளையில் பதித்திருக்கும் சின்ன உலோகத் தகடு. துடைத்துப் பார்த்தால், 'ஸ்டார்' என்று இருந்தது.

அதிலேயே வயசு வந்துவிட்டது. ஜப்பானில் ஹோஷினோ என்ற கம்பெனி 1965-ல் டிரம்ஸ் செய்யத் தொடங்கி 'ஸ்டார்' என்ற பெயரில் விற்றது. 1974-ல் பெயரை 'தாமா' என்று மாற்றிக்கொண்டது. தாமா என்பது அந்தக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் பெயராம். கேட்கவே சந்தோஷமாக இல்லையா?

பிறகு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். எங்கள் மயிலாப்பூர் மிருதங்கம் ஒரே பலாக் கட்டையைக் குடைந்து செய்வது. இது மெல்லிய பிளைவுட்டை வளைத்து, விளிம்பு தாங்குவதற்காக உள்ளே மர வளையம் ஒட்டியது. அறுபதுகளின் ஜப்பான் டிரம்கள் பெரும்பாலும் இப்படித்தானாம். அப்போது ஒரே தொழிற்சாலைச் சாமானைப் பல கடைகள் தங்கள் பெயரில் விற்றதும் உண்டாம். அதனால் தகடும் மரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது அவசியம் என்றார்.

"ஆக, 1974-க்கு முந்தினது" என்று அவர் சொன்னதும் மாமி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அவர் கல்யாணம் நடந்தது 1975-ல். "அப்போ இவ எனக்கு மூத்தாளா!" என்றாரே பார்க்கணும்! இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாமி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

டிரம்ஸ் எடைக்குப் போகவில்லை. பெரியவர் பழுது பார்த்து, தன்னிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்கிறார். சின்ன டிரம் மட்டும் மாமியோடு.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு வாத்தியம் இருக்கலாம். பார்க்கப் போனால் யமஹா கம்பெனி 1887-லிருந்தே இருக்கிறது, ஆனால் டிரம்ஸ் செய்யத் தொடங்கியது 1967-ல்தான். கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து வயசு சொல்ல முடியாது. தகட்டைக் கழற்றாதீர்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். ஈரத் துணி வேண்டாம், உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். திருகாணி ஒன்று கழன்றிருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். பிறகு, வாசித்த கை யாராவது அருகில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். எடை போடுகிறவருக்கு இரும்பின் விலை மட்டும்தான் தெரியும்.