கடிதம் வாசிக்கிறவள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

வரிக்காலம் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் சனி, ஞாயிறுகளில் எங்கள் கணக்காளர் அலுவலகக் கதிரைகள் காலியாக இருப்பதில்லை. ஸ்காபரோவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அரசாங்கத்துக் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் மட்டும் தப்ப முடியாது.

இன்று ஒரு மாமா வந்தார். ஸ்ரொப் சைனில் முழுதாக நிற்கவில்லை என்று பொலிஸ் கொடுத்த ரிக்கற்றை மேசையில் வைத்தார். மூன்று வழி இருக்கிறது, 15 நாளுக்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும் என்று வாசித்துச் சொன்னேன். காசைக் கட்டலாம், வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம், விசாரணை கேட்கலாம்.

“சரி பிள்ளை, நான் எதைச் செய்யட்டும்?”

முதலாளி உள்ளே இருந்தபடி இருமினார். அந்த இருமலின் பொருள் எனக்குத் தெரியும்: வாசித்துச் சொல்லலாம், வழி சொல்லக்கூடாது. ஒன்ராறியோவில் இன்னொருவருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். முன்பெல்லாம் உரிமம் லோயர்மாருக்கு மட்டும்தான். பராலீகல் என்று போர்ட் போட்டவர்களை ஒருவரும் கட்டுப்படுத்தவில்லை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் பீற்றர் கோரி 2000ஆம் ஆண்டு அறிக்கை எழுதி, அது ஆறப்போடப்பட்டு, கடைசியில் 2007 மே மாதம் பராலீகல்களும் லோயர்மாருக்கு உரிமம் கொடுக்கும் லோ சொசைட்டியின் கீழ் வந்தார்கள். இப்போது அவர்களுக்கும் படிப்பு, பரீட்சை, உரிம இலக்கம், காப்புறுதி எல்லாம் உண்டு. லோ சொசைட்டியின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் ஆள் உண்மையானவரா என்று யாரும் பார்க்கலாம். எங்கள் சனம் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

மாமாவை அப்படி ஒருவரிடம் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, நானே அதைப் படித்தால் என்ன என்று யோசித்தபடி கதவைப் பூட்டினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரக்கிராசியிடம் கிளாக்கராக வேலை பழகியவர். 1974இல் பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி ஆக்கியபோது கந்தோரில் பெயர்ப்பலகை மாறியதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை என்பார்.

“படிக்கிறதெண்டால் முழுசாப் படியன். அதென்ன அரைவாசி லோயர்?”

இந்த ‘அரைவாசி’ என்ற சொல் ஊரிலிருந்து மட்டும் வரவில்லை. இங்கேயும் கலியாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். முழு வழி எப்படி என்று நான் பார்க்காமலில்லை. பட்டம், நுழைவுப் பரீட்சை, மூன்று வருடச் சட்டப் படிப்பு, இரண்டு உரிமப் பரீட்சை, அதற்குமேல் லோயரிடம் வேலை பழகும் ஆர்ட்டிக்ளிங். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வீட்டுக் கடன் ஓடுகிறது, இரண்டு பிள்ளைகள். கொழும்பில் சட்டம் படித்த ஒரு தோழிக்கு வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்க்கும் குழுவின் பரீட்சைகள் என்ற குறுக்குவழியாவது இருக்கிறது. எனக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பட்டம்தான்.

இன்னொரு வழி லோ கிளாக். லோயருக்குக் கீழே இருந்து வீட்டு விற்பனைப் பத்திரம், உயில், வழக்குக் கோப்பு பார்க்கும் வேலை. உரிமம் தேவையில்லை, முதல் நாளிலிருந்தே சம்பளம். எக்லின்ரன், மார்க்கம் வீதித் தமிழ் லோயர்களின் கந்தோர்கள் பாதிக்கு மேல் இவர்களின் தலையில்தான் ஓடுகின்றன என்பது என் அபிப்பிராயம். நிம்மதியான வேலை. ஆனால் அங்கும் மாமாவின் கேள்விக்கு நான் வாயைத் திறக்க முடியாது.

பெப்ரவரி 6, வியாழன்

விளம்பரம் பார்த்து ஒரு தனியார் கொலிஜுக்குப் போனேன். வரவேற்ற பெண் கோப்பி தந்து, ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம் என்று மூன்று தரம் சொன்னாள்.

நான் முதலில் கேட்டது, லோ சொசைட்டி அங்கீகரித்த பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்பதுதான். அதில் இல்லாத இடத்தில் படித்தால் உரிமப் பரீட்சைக்கே உட்கார முடியாது. இருந்தது. அங்கீகாரம் பெற்ற எந்த இடமும் குறைந்தது 830 மணித்தியாலம் படிப்பிக்க வேண்டும். அதில் 120 மணித்தியாலம் வெளியே ஒரு கந்தோரிலோ கிளினிக்கிலோ வேலை பழகுவது. ஆகவே சீக்கிரம் முடிப்பதில் மாயம் ஒன்றுமில்லை, நாள் நீளும், லீவு குறையும். சிலருக்கு அதுதான் வசதி.

அடுத்த கேள்வி, அந்த 120 மணித்தியாலத்துக்கு இடம் எடுத்துத் தருவது யார்?

“நீங்களே தேடினால் உங்களுக்குப் பிடிச்ச இடமாக் கிடைக்கும்.”

பதில் விளங்கியது. கட்டணத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அரச கொலிஜ்களில் கேட்கும் தொகையை அதன் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வித்தியாசத்துக்கு ஒரு பழைய கொறோலா வாங்கலாம்.

பெப்ரவரி 20, வியாழன்

வாடகைத் தீர்ப்பாயத்தின் விசாரணைகள் இப்போது பெரும்பாலும் ஸூமில்தான். யாரும் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் லீவு போட்டு, சமையலறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒரே நேரத்தில் பல கோப்புகள். விசாரிக்கும் மெம்பர் பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் கமெராவைத் திறக்கிறார்கள். ஒருவர் லொறிக்குள் இருந்து பேசினார், இன்னொருவரின் பின்னால் குழந்தை அழுதது.

ஒரு வீட்டுக்காரர் தானே வாதாட வந்திருந்தார். வாடகை பாக்கி. ஆள் உண்மையாகவே நொந்துபோயிருந்தார், வங்கித் தாள்களையெல்லாம் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு பராலீகல், இளம்பெண். பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. என்4 என்ற அறிவித்தல் தாளை எல்லோர் திரையிலும் காட்டச் சொன்னாள்.

“இதை எப்படிக் கொடுத்தீர்கள்?”

“தபாலில்.”

“எந்தத் திகதி?”

“மூன்றாம் திகதி.”

தாளில் வீட்டை விடும் நாள் என்று 17 எழுதியிருந்தது. மாத வாடகைக்கு இருந்தவருக்குக் குறைந்தது 14 நாள் கொடுத்திருக்க வேண்டும், அவர் எண்ணியதும் அதுதான். ஆனால் தபாலில் போட்டால் ஐந்தாம் நாள்தான் கிடைத்ததாகச் சட்டக் கணக்கு. 3 போய் 8 ஆகிறது, அதிலிருந்து 14 எண்ணினால் 22. அறிவித்தல் செல்லாது, விண்ணப்பம் தள்ளுபடி. வீட்டுக்காரர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் கமெராவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எங்கள் வீட்டு பேஸ்மென்றிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அதனாலோ என்னவோ, கெட்டித்தனத்தைக் கண்டு கைதட்டவும் மனம் வரவில்லை, அந்த மனிதரை விட்டுவிட்டு எழும்பவும் மனம் வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. நாள் எண்ணுவதும், தாள் பார்ப்பதும், எந்த இடத்தில் பேசாமல் இருப்பது என்று அறிவதுமாக இந்த வேலை எனக்குச் சரிவரும்.

மார்ச் 9, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியதில் நித்திரை கெட்டது. இவர் (என் கணவர்தான்) அமெரிக்க வீடியோ ஒன்றைப் போட்டுக்காட்டி, “பராலீகலுக்கு லைசன்ஸே தேவையில்லையாமே” என்றார். அங்கே பராலீகல் லோயருக்குக் கீழே வேலை செய்பவர், கிட்டத்தட்ட நம் லோ கிளாக். இங்கே சொந்தமாகக் கந்தோர் திறந்து, தீர்ப்பாயத்தில் தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கே படிப்புத் தேடுபவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்.

நான் மேசையில் கேள்விப்படுகிறவற்றைத் தாளில் இரண்டாகப் பிரித்தேன். செய்யக்கூடிய பக்கம்: ரிக்கற், சிறு தொகை வழக்கு, வாடகைத் தகராறு, வேலையிடத்துக் காயம், வாகன விபத்து நட்டஈட்டின் ஒரு பகுதி, அகதி விசாரணை. கடைசியைக் கண்டதும் கொஞ்சம் நின்றேன். 80களிலும் 90களிலும் வந்த எங்கள் ஆட்களில் அந்த அறைக்குள் உட்காராத குடும்பம் குறைவு.

செய்ய முடியாத பக்கம்: வீடு வாங்குவது, உயில், விவாகரத்து. கசப்பான விஷயம் என்னவென்றால், என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது முதலாவதும் மூன்றாவதும்தான். குடும்ப வழக்குகளில் ஒரு பகுதியைப் பராலீகல்களுக்குத் திறக்கலாம் என்று நீதியரசர் பொங்கலோ அறிக்கை கொடுத்தார். அதற்கென்று தனி உரிமத்துக்கு லோ சொசைட்டி 2022இல் சம்மதித்தது. அது மேற்படிப்பு, பிறகு பார்க்கலாம். வீடு விற்று வாங்கிக் காசு பார்க்கலாம் என்று நினைத்து இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் முதலிலேயே இந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும். விளம்பரங்களில் அது இருப்பதில்லை.

ஏப்ரல் 30, புதன்

வரி கடைசி நாள். எழுத நேரமில்லை. கால் வீங்கிவிட்டது.

மே 24, சனி

அரச கொலிஜ்களிலும் வழி ஒன்றில்லை. உயர்தரப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருட டிப்ளோமா, ஏற்கனவே பட்டம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறுகிய பட்டப்பின் சான்றிதழ். ஹம்பரில் நான்கு வருடப் பட்டமே இருக்கிறது. என் யாழ்ப்பாணப் பட்டத்தைத் தர மதிப்பீட்டுக்குக் கொடுத்து வாங்கிய தாள் அலுமாரியில் எத்தனையோ வருடம் கிடந்தது, இப்போதுதான் வெளிச்சம் கண்டது. இரண்டாவது வழியில் விண்ணப்பித்தேன்.

கொலிஜைத் தெரிந்தெடுக்கப் பெயரைப் பார்க்கவில்லை. முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, எங்கே வேலை பழகினீர்கள், அங்கே என்ன செய்யவிட்டார்கள் என்று கேட்டேன். ஒருத்தி 120 மணித்தியாலமும் போட்டோக்கொப்பி அடித்தாளாம். மற்றவள் சிறு தொகை நீதிமன்றத்துக்குரிய கோரிக்கைப் பத்திரங்களைத் தானே வரைந்தாளாம். இரண்டாமவள் படித்த இடத்துக்குத்தான் போகிறேன். பரீட்சையைப் பற்றியும் அவளே சொன்னாள்: “புத்தகம் திறந்து வச்சு எழுதுறதுதான் அக்கா, ஆனா தேடிக்கொண்டிருந்தா நேரம் போயிரும்.”

ஒக்ரோபர் 1, புதன்

வகுப்பு தொடங்கி ஒரு மாதமாகிறது. என் மகளின் வயதுப் பிள்ளைகள் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுகிறார்கள்.

இன்று ஆசிரியர் தன் பழைய ஸ்லைடில் 35,000 என்று இருந்ததை எங்கள் கண் முன்னாலேயே 50,000 ஆக மாற்றினார். இன்றிலிருந்து சிறு தொகை நீதிமன்றத்தின் எல்லை அது. உரிமமுள்ள பராலீகல் எடுக்கக்கூடிய வழக்கின் அளவும் அவ்வளவால் கூடுகிறது. பேஸ்மென்ற் கட்டித் தருகிறேன் என்று முற்பணம் வாங்கிவிட்டு மறைந்தவர்கள், சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாதவர்கள் என்று எனக்குத் தெரிந்த கதைகள் பல அந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. சீட்டு விஷயத்தில் ஒப்பந்தம் என்று எழுத்தில் என்ன இருக்கும்? ஒரு கொப்பியும் வாட்ஸ்அப் குரல் பதிவும். அதைச் சாட்சியமாக்க முடியுமா என்று கேட்டேன். ஆசிரியர் அடுத்த கிழமைக்கான கட்டுரையையே அதில் எழுதச் சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

வேலை பழகும் இடத்துக்கு மூன்று விருப்பம் எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் சொன்னது சமூகச் சட்டக் கிளினிக், வாடகைக்கு இருக்கும் ஏழைகளுக்காக நிற்கும் இடம். அப்பாவும் அதையே சொன்னார். ‘அரைவாசி’ என்ற சொல்லை அவர் இப்போது பாவிப்பதில்லை, சீட்டுக் கட்டுரையை வாசித்துக் காட்டியதிலிருந்து.

நான் முதலாவதாக எழுதியது வீட்டுக்காரர்களுக்காக வேலை செய்யும் ஒரு பராலீகல் கந்தோரை. அங்கேதான் நாள் முழுக்க என்4 எழுதுகிறார்கள். பிழையான திகதி எப்படித் தாளில் ஏறுகிறது என்பதை எழுதும் மேசையில் இருந்து பார்க்க வேண்டும். கிளினிக் இரண்டாவது, ரிக்கற் கந்தோர் மூன்றாவது. பொலிஸ் நற்சான்றிதழும் கேட்டிருக்கிறார்கள். படிவத்தின் கடைசிக் கேள்வி, சொந்தமாகக் கார் இருக்கிறதா என்பது. அதற்கு மட்டும் இவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.