ஒரு ஆறு, ஆறு புத்தகங்கள்

பூனாவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. இது ராணுவ ஊர். சதர்ன் கமாண்ட் தலைமையகம் இங்கேதான், கடக்வாஸ்லாவில் என்.டி.ஏ. ரிட்டயரான கர்னல், பிரிகேடியர்கள் வீட்டை காலி செய்யும்போது அவங்க அலமாரி அப்படியே எடைக்கு வந்துவிடும். கேம்ப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் சனிக்கிழமைதோறும் துழாவி அப்படி நான் சேர்த்தது மூணு தட்டு நிறைய யுத்தப் புத்தகங்கள். தங்கமணி பாஷையில் குப்பை.

அந்தக் குப்பைக்கு இப்போ ஒரு வேலை வந்திருக்கு. பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறாள். என்.டி.ஏ. பரீட்சை எழுதப் போகிறாளாம். 2022லிருந்து அங்கே பெண்களையும் சேர்க்கிறார்கள். முதல் அணி, 17 பேர், 2025 மே மாதம் படிப்பை முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். அந்த வீடியோவை இவள் எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. யுத்தம் என்றால் அவளுக்குத் தெரிந்தது 'பார்டர்', 'உரி' வகையறா. கொடி, ஸ்லோமோஷன், பின்னணியில் வயலின்.

தங்கமணிக்கு தூக்கம் போச்சு. "ஏங்க, நீங்க சொன்னா கேப்பா, வேணாம்னு சொல்லுங்க" என்று தினமும் ராத்திரி ஒரு மனு. நான் வேணாம்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதில் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும் என்பது என் கட்சி. அதற்கு என்னிடம் இருக்கிற ஒரே ஆயுதம் இந்த மூணு தட்டு.

போர் வரலாறு பற்றி நல்ல புத்தகம் சொல்லுங்க என்று ஆபீஸில் நாலு பேர் கேட்டதும் உண்டு. எல்லோருக்கும் நான் சொல்கிற முறை ஒன்றுதான். அது என் பெரியப்பாவிடம் கற்றது. எங்களுக்கு வேலூர் பக்கம். அங்கே கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் ராணுவம் என்று பேர் வாங்கிய ஊர்களே உண்டு. பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். 1971ல் மேற்கு எல்லையில் கண்ணிவெடி எடுத்தவர். சண்டையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். காலேஜ் படிக்கும்போது ஒரு தடிமனான யுத்த சரித்திரத்தை வைத்துக்கொண்டு நான் அவர் எதிரில் பீற்றிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதுல சோறு எப்பிடி வந்துச்சு, பூட்ஸு நனைஞ்சா மாத்து பூட்ஸு இருந்துச்சான்னு எழுதிக்கீறானாடா?"

எழுதியிருக்கவில்லை. அம்பு போட்ட மேப்பும் ஜெனரல் படங்களும்தான் இருந்தன. அன்றிலிருந்து எந்தப் போர்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் நான் தேடுவது சோறும் பூட்ஸும்தான். அடுத்தது, எழுதியவர் அன்றைக்கு எந்தப் படியில் நின்றுகொண்டிருந்தார் என்பது.

இதற்கு 1962ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நம்கா சூ என்று ஒரு சின்ன ஆறு. இன்றைய அருணாசலத்தின் வடமேற்கு மூலை, அப்போது நேஃபா. வடக்குக் கரைக்கு மேலே தக்லா மலைமுகடு, அதில் சீனர்கள். தெற்குக் கரையில், பள்ளத்தில், நம்முடைய ஏழாவது பிரிகேடு. தவாங்குக்கு அப்புறம் ரோடு கிடையாது, நடைதான். 1962 அக்டோபர் 20 விடியற்காலை சீனர்கள் தாக்கினார்கள். சில மணி நேரத்தில் அந்த பிரிகேடு பிரிகேடாக இல்லை.

அந்தப் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் ஜான் தள்வி. அக்டோபர் 22 அன்று பிடிபட்டு, சீனாவில் கைதியாக இருந்துவிட்டு 1963 மே மாதம் திரும்பி வந்தவர். 1969ல் அவர் எழுதியதுதான் 'ஹிமாலயன் ப்ளண்டர்'. ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படியுங்கள். மறுபதிப்பு கிடைக்கிறது. சோறு, பூட்ஸ் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. பத்தாயிரம் அடிக்கு மேலே பருத்தி உடுப்போடு நிற்கிற சிப்பாய்கள், ஆளுக்குக் கையில் இருக்கிற சொற்பத் தோட்டா, விமானத்தில் போட்ட மூட்டைகளில் பாதி பள்ளத்தாக்கில் போய் விழுவது, அதைத் தேடி எடுக்க ஆள் இல்லாதது, எல்லாம் இருக்கு. ஆத்திரத்தில் எழுதிய புத்தகம். சில இடங்களில் ஒரே விஷயத்தை மூணு தடவை திட்டுவார். அப்படித் திட்டும் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம், தப்பில்லை.

சுவாரஸ்யம் இனிமேல்தான். தள்விக்கு மேலே இருந்தவர்கள் வரிசையாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள்! நேர் மேலே டிவிஷன் தளபதி நிரஞ்சன் பிரசாத்: 'தி ஃபால் ஆஃப் டோவாங்', 1981. அவருக்கு மேலே கோர் தளபதி பி.எம். கௌல்: 'தி அன்டோல்ட் ஸ்டோரி', 1967. டெல்லி தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைகளின் இயக்குநராக இருந்த டி.கே. பலித்: 'வார் இன் ஹை ஹிமாலயா', 1991. உளவுத்துறைத் தலைவர் பி.என். மல்லிக்: 'தி சைனீஸ் பிட்ரேயல்', 1971. வெளியிலிருந்து பார்த்த லண்டன் டைம்ஸ் நிருபர் நெவில் மேக்ஸ்வெல்: 'இந்தியாஸ் சைனா வார்', 1970. தள்வியையும் சேர்த்தால் ஒரே ஆற்றங்கரைக்கு ஆறு புத்தகம்.

கௌல் புத்தகத்தைத் தள்விக்கு அப்புறம் படித்தால்தான் ருசி. அக்டோபர் முதல் வாரம்தான் கோர் தளபதியாக வருகிறார். நேரில் நம்கா சூவுக்கே போகிறார். அதை அவருடைய எதிரிகளும் மறுக்க முடியாது. அக்டோபர் 10 அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்ஜோங்கில் நம் பஞ்சாப் பட்டாலியன் ஆட்கள் சண்டை போட்டதை அங்கிருந்தே பார்க்கிறார். நிலைமை புரிகிறது, டெல்லிக்கு ஓடுகிறார். 12ஆம் தேதி கொழும்புக்குக் கிளம்பும் நேரு பாலம் விமான நிலையத்தில், சீனர்களை வெளியேற்றச் சொல்லியாகிவிட்டது என்கிற அர்த்தத்தில் நிருபர்களிடம் பேசுகிறார். அப்புறம் பிரிகேடைப் பின்வாங்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? 18ஆம் தேதி கௌல் உடம்பு முடியாமல் டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டு, படுக்கையிலிருந்தே கோரை நடத்துகிறார். தள்வி பள்ளத்தில், கௌல் கட்டிலில். இரண்டு பேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு உத்தரவு மேலிருந்து கீழே வரும்போது என்னவாகிறது என்று தெரியும். (ப்ராஜெக்ட் மேனேஜர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கிளையண்ட்டுக்கு மேலே இருப்பவர் வாக்குக் கொடுத்துவிட்ட தேதிக்குக் கீழே நாலு பையன்கள் ராத்திரி முழிப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். இங்கே போவது தூக்கம், அங்கே போனது உயிர்.)

மல்லிக் புத்தகம் நாங்க முன்னாடியே எச்சரித்தோம் என்கிற ரகம். பலித் நன்றாக எழுதுவார், டெல்லி தாழ்வாரங்களில் எப்படி முடிவு எடுக்கப்பட்டது, எப்படி எடுக்கப்படவில்லை என்பதற்கு அவர்தான். மேக்ஸ்வெல்லைப் படித்தால் நம்ம ஆட்களுக்குக் கோபம் வரும். தப்பு முக்கியமாக இந்தியாவின் பேரில் என்று வாதாடுகிறார். சீனா சொன்னதைக் கொஞ்சம் சுலபமாக நம்பிவிட்டார் என்பது என் எண்ணம். ஆனால் ராணுவம் நடத்திய விசாரணையின் ஹெண்டர்சன் ப்ரூக்ஸ் அறிக்கையைப் பார்த்துவிட்டு எழுதியவர். அந்த அறிக்கையை அரசாங்கம் வெளியிடவில்லை. 2014ல் மேக்ஸ்வெல்லே ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். கோபத்தோடாவது படிக்க வேண்டிய புத்தகம்.

பொண்ணு தள்வியை முடிக்க மூணு வாரம் எடுத்துக்கொண்டாள். முடித்ததும் அழவில்லை, வீரவசனமும் பேசவில்லை. "அப்பா, இந்த ஆறு பேர்ல அங்க லெஃப்டினண்டா இருந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றாள்.

இல்லை. ஆறில் கீழ்ப்படி என்பதே பிரிகேடியர்தான். என்.டி.ஏ. முடித்து, அடுத்த பயிற்சியும் முடித்து வெளியே வந்தால் இவள் போய் நிற்கப்போவது அதற்கு ஏகப்பட்ட படி கீழே, ஆற்றங்கரையில். அதை அவளே கண்டுபிடித்துக் கேட்டது எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றைப் பிசைந்தது.

கீழ்ப்படிக்காரர்களுக்காக அவளிடம் அடுத்து கொடுத்தது ரகு கர்நாட் எழுதிய 'ஃபார்தெஸ்ட் ஃபீல்ட்', 2015. இரண்டாம் உலக யுத்தத்தில் செத்துப்போன தன் குடும்பத்து இளைஞர்கள் மூணு பேரைத் தேடிப் போகிறார். கோழிக்கோடு, மெட்ராஸ் எல்லாம் வரும். ஜெனரல்கள் ஓரமாக வந்து போவார்கள், அவ்வளவுதான். அதே யுத்தத்தை மேலிருந்து பார்க்க ஃபீல்டு மார்ஷல் ஸ்லிம் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி', 1956. பர்மாவில் 1942ல் உதை வாங்கி ஓடிவந்த கதையை முதலில் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, தான் எங்கே சறுக்கினேன் என்பதையும் சொல்லிவிட்டு, அப்புறம்தான் இம்பால், கோஹிமா வெற்றிக்கே வருவார். ஜெயித்த ஜெனரல் இப்படி எழுதுவது அபூர்வம். மலேரியா, ரேஷன், ரோடு இதற்கெல்லாம் அவர் ஒதுக்கும் பக்கங்களைப் பெரியப்பா பார்த்திருந்தால் சல்யூட் அடித்திருப்பார்.

அந்தப் பர்மா ஓட்டத்தில் துப்பாக்கி இல்லாமல் நடந்தவர்கள் நம்மவர்கள். ரங்கூனில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த வெ. சாமிநாத சர்மா 1942ல் மனைவியோடு கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்ததை 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதியிருக்கிறார். ராணுவ வரலாறு என்ற தட்டில் யாரும் இதை வைக்க மாட்டார்கள். நான் ஸ்லிம்முக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கதைதான் வேண்டும் என்பவர்களுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மெடான், பினாங்கு, ஜப்பான்காரன் காலம். தமிழில் யுத்தத்துக்குள்ளே போய்வந்த நாவல் என்றால் எனக்கு அதுதான்.

1971க்கு ஜேக்கப்பின் 'சரண்டர் அட் டாக்கா' (1997), தோற்ற பக்கத்திலிருந்து நியாஸியின் 'தி பிட்ரேயல் ஆஃப் ஈஸ்ட் பாகிஸ்தான்' (1998), இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒருத்தர் எல்லாம் என் யோசனை என்பார், மற்றவர் எதுவும் என் குற்றமில்லை என்பார். நடுவில் நிதானமாக நிற்பது ஸ்ரீநாத் ராகவனின் '1971' (2013).

கார்கிலுக்கு ஜெனரல் வி.பி. மாலிக்கின் 'கார்கில்: ஃப்ரம் சர்ப்ரைஸ் டு விக்டரி' (2006) இருக்கு. ஆனால் நான் முதலில் சொல்வது திருச்சியில் பிறந்த கே. சுப்ரமண்யம் தலைமையில் வந்த கார்கில் விசாரணைக் குழு அறிக்கையை. 1962 அறிக்கை மாதிரி பூட்டி வைக்காமல், சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு 2000ல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள், 'ஃப்ரம் சர்ப்ரைஸ் டு ரெக்கனிங்' என்று புத்தகமாகவும் வந்தது. வறட்டு நடைதான். இருந்தாலும் பனிக்கால உடுப்பு எவ்வளவு இருந்தது என்கிற வரை பேசுகிற அறிக்கை. அதே திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணன் 1999 மே மாதம் படாலிக்கில் விழுந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. திருச்சிக்கு லீவில் போகிறவர்கள் அவருடைய நினைவிடத்தைத் தாண்டித்தான் போவீர்கள். அறிக்கையை அந்தப் பேரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் புள்ளிவிவரம் வேறு மாதிரி இருக்கும்.

பொண்ணு பரீட்சைக்குப் படிப்பதை நிறுத்தவில்லை. கணக்குப் புத்தகத்துக்கு அடியில் இப்போ ஸ்லிம். தங்கமணி நேற்று ராத்திரி என்னிடம் மனு கொடுக்காமல் தள்வியை எடுத்துப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருபத்தெட்டாம் பக்கம் வரை போயிருக்கிறாள், விளைவு தெரியவில்லை.

ஒரு சின்ன உதவி. சர்மா புத்தகத்தை யாரோ ஒரு புண்ணியவான் இரவல் வாங்கிப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. சென்னையிலிருந்து பூனா வருகிற யாராவது ஒரு பிரதி வாங்கி வந்தால் காசும் தருகிறேன், வீட்டில் ஃபில்டர் காபியும் உண்டு.