அவசரத்தின் விலை

ஆயர் ஈத்தாம் சந்தையில் காலை ஏழு மணிக்கு ஒரு விலை சொல்லும் மீன் வியாபாரி, வெயில் ஏறிய பின் அதே மீனுக்கு வேறொரு விலை சொல்கிறார். விற்காமல் தங்கிவிட்டால் மறுநாள் அது உதவாது என்பது அவருக்கும் தெரியும். கூடையோடு வந்து நிற்பவருக்கும் தெரியும். ஆகவே நேரம் செல்லச் செல்ல விலை இறங்குகிறது. இந்த நியாயம் எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கும்.

தொடர்வண்டியின் இருக்கையும் மீனைப் போன்று அழியும் பொருள்தான். வண்டி நகர்ந்த மறுகணமே, காலியாகச் செல்லும் இருக்கைக்கு ஒரு காசும் பெறுமானம் இல்லை. அப்படியிருக்க, இன்று உலகின் பல நாடுகளில், பயண நாள் நெருங்க நெருங்க இருக்கையின் விலை இறங்காமல் ஏறுவது ஏன்? வெறும் வணிகக் கணக்குப்போல் தோன்றும் இக்கேள்விக்குள் அறம் பற்றிய கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நம் நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதனை அமைத்ததில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படைக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் பாதைகள் நீண்டபோது தண்டவாளம் சுமந்த தோள்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளருடையவை. நிலையங்களில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தவருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். ஆகவே தொடர்வண்டி நமக்கு அந்நியமானதன்று.

அக்காலத்துப் பயணச்சீட்டு, தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர் வகுத்தளித்த சிறு அட்டை. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம் யாவும் அதில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சீட்டை வாங்கப்போகிறவர் யார், எந்த நாளில் வருவார், எவ்வளவு அவசரத்தில் வருவார் என்பவற்றை அறியாமலே விலை அச்சேறிவிட்டது. தூரமும் வகுப்புமே விலையைத் தீர்மானித்தன. ஜார்ஜ் டவுன் துறைமுகத்தருகே மணிக்கூண்டோடு நிற்கும் பழைய ரயில்வே கட்டடத்தில், தண்டவாளமே இல்லாத தீவில், சீட்டு வாங்கிக்கொண்டு படகேறி அக்கரை சென்று வண்டி பிடித்த நம் முன்னோர்க்கும் அதே நியதிதான்.

ஆயினும் அந்தப் பழைய முறையைப் பொற்காலமென்று புகழ்வதற்கில்லை. பிரெஞ்சுப் பொறியியலாளர் ழூல் துப்புயி 1849-லேயே ஓர் உண்மையை எடுத்துரைத்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டதற்குக் காரணம் கூரையின் செலவன்று; இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க இயன்றவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே காரணம் என்றார் அவர். அதாவது, வசதியுள்ளவரை அச்சுறுத்துவதற்காக ஏழை நனைய வேண்டியிருந்தது! இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் பட்ட இன்னல்களைக் காந்தியடிகள் 1917-இல் தனி நூலாகவே எழுதினார். அங்கே அவ்வகுப்பு 1974-இல்தான் ஒழிக்கப்பட்டது.

மறுபுறம், பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1844-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஒவ்வொரு பாதையிலும் நாள்தோறும் ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்ல வேண்டும். பெட்டிக்குக் கூரை இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படக் கூடாது. கட்டணத்தை முழுவதும் வணிகரின் விருப்பத்திற்கு விட்டுவிடாமல், எளியவர்க்கென ஓர் எல்லைக்கோட்டைச் சமுதாயம் வரையலாம் என்பதற்கு இச்சட்டம் தொடக்கச் சான்று.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து இரவு வண்டியில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்வதுண்டு. கட்டணம் மனத்தில் பதிந்திருந்தது. விடுமுறைக்கு எத்தனை வெள்ளி எடுத்துவைக்க வேண்டும் என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்பே கணக்கிட்டுக் கொள்ள முடிந்தது. சொற்ப உதவித்தொகையில் வாழ்ந்த எங்களுக்கு மலிவான கட்டணத்தை விட மாறாத கட்டணமே பெரிய ஆறுதல்.

அந்த மாறாத தன்மை எப்படிக் கலைந்தது? அதன் தொடக்கம் வானத்தில். அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மீதிருந்த அரசின் கட்டுப்பாடு 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்ந்தது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், முன்கூட்டி வாங்குவோர்க்கு மிகக் குறைந்த விலையிலும் கடைசி நேரத்தில் வருவோர்க்கு முழு விலையிலும் இருக்கைகளைப் பகுத்து விற்றது. எந்த விலைக்கு எத்தனை இருக்கைகள் என்பதைக் கணினி வகுத்தது. அந்நிறுவனத்தின் கணினி முறையைத் தழுவி அமைந்த ஒரு முன்பதிவு முறையைப் பிரெஞ்சு ரயில்வே 1993-இல் மேற்கொண்டது. இந்திய ரயில்வே 2016-இல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ஆகிய வண்டிகளில் ஏறுமுகக் கட்டணம் கொணர்ந்தது. முதல் பத்து விழுக்காட்டு இருக்கைகள் அடிப்படைக் கட்டணத்தில் விற்கப்படும். அதன்பின் ஒவ்வொரு பத்து விழுக்காடு விற்கும்போதும் கட்டணம் பத்து விழுக்காடு ஏறி, தொடக்கத்தில் பெரும்பாலான வகுப்புகளில் ஒன்றரை மடங்கில் போய் நின்றது. பயணிகள் குறைந்த சில வண்டிகளில் பின்னர் இது கைவிடப்பட்டது.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒப்பான காட்சி உண்டு. கொடிமலைக்கு ஏறும் வண்டியின் அடிவார நிலையம் ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த மலைவண்டி 2010-இல் நிறுத்தப்பட்டுப் புதிய பெட்டிகளுடன் 2011-இல் மீண்டும் ஓடலாயிற்று. முன்பு பாதிவழியில் வண்டி மாற வேண்டும். இப்போது ஒரே ஓட்டம். அங்கே குடிமக்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டார்க்கு அதைவிட மிகுதியான கட்டணம், முதியோர்க்கும் மாணவர்க்கும் சலுகைக் கட்டணம். இவற்றோடு, கூடுதல் பணம் கொடுப்போர்க்கு விரைவு வரிசையும் உண்டு. மேலே சென்றால் எல்லார்க்கும் அதே குளிர்காற்றுதான். கூடுதலாகப் பெற்றது காத்திருப்பிலிருந்து விடுதலை மட்டுமே.

ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு ஒருநாள் கணிதம் போதித்துக்கொண்டிருந்தேன். ஒரு பயணச்சீட்டின் விலை 12 வெள்ளி எனில் ஐந்து சீட்டுகளின் விலை என்ன என்பது கணக்கு. விடை எளிது. ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தி, “ஐயா, ஐந்து சீட்டையும் ஒரே நாளில் வாங்கினார்களா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டார் பயணத்திற்குச் சீட்டு வாங்கியபோது நாளுக்கொரு விலை காட்டியதை அவள் கண்டிருக்கிறாள். ஒன்றின் விலை தெரிந்தால் பலவற்றின் விலையை அறியலாம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்த பாடம் அவ்விடத்தில் நின்றுவிட்டது.

அவளுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். நூறு பேர் ஏறினாலும் முந்நூறு பேர் ஏறினாலும் வண்டி ஓடும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒரு பயணிக்கு இவ்வளவு செலவு என்று வகுத்து விலை வைப்பது கடினம். எல்லார்க்கும் ஒரே விலை வைத்தால், அது சிலர்க்கு எட்டாததாகவும் வேறு சிலர்க்கு மிகச் சொற்பமாகவும் இருக்கும். முன்கூட்டித் திட்டமிடுவோர்க்கு மலிவாகக் கொடுத்தால் வண்டி நிறையும். தாமதமாக வருபவர் கொடுக்கும் கூடுதல் பணம் அக்குறையை ஈடுசெய்யும். இதில் நன்மை இல்லையென்று கூற முடியாது.

விலையை ஏற்றாவிட்டால் வேறொன்று நீளும் என்பதையும் மறக்கலாகாது. இந்தியாவின் சாதாரண விரைவு வண்டிகளில் கட்டணம் இன்றும் தூரத்தையே பற்றி நிற்கிறது. தூரம் மிக மிகக் கிலோமீட்டருக்கான விகிதம் குறைகிறது. படுக்கை வசதி வகுப்பில் முன்பதிவுக்கென வாங்குவது 20 ரூபாயே. அதன் விளைவு, காத்திருப்போர் பட்டியல். பணத்தால் பங்கிடாத பொருளை வரிசையால் பங்கிட வேண்டியதாகிறது.

ஆனால் சந்தையில் கடைசியாக வருபவரும் தொடர்வண்டிக்குக் கடைசியாக வருபவரும் ஒருவரல்லர். மீன் வாங்கப் பிந்தி வருபவர் மலிவை நாடி வருகிறார். கிடைக்காவிட்டால் கீரையோடு திரும்பிவிடுவார். பயணத்திற்குப் பிந்தி வருபவர் போய்த் தீர வேண்டியவர். விலை இறங்காமல் ஏறுவதன் இரகசியம் இதுவே. அவரால் மறுக்க இயலாது என்பதே அவர் கொடுக்கும் விலை.

அந்தக் கடைசி வரிசையில் நிற்பவர் எல்லாரும் செல்வர்களா? வணிக அலுவலாகச் செல்பவர் இருக்கலாம். அவருக்கு நிறுவனம் கொடுக்கும். ஆனால் திருமணத்திற்குச் செல்பவர் மூன்று மாதம் முன்பே இருக்கை பதிவு செய்யலாம். சாவு வீட்டிற்குச் செல்பவர் எப்படிப் பதிவு செய்வார்? ஈப்போவில் தாய் கண்மூடிவிட்டாள் என்று நள்ளிரவில் செய்தி வந்தால், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைக்கும் மகன் அன்று காட்டும் விலையையே கொடுக்க வேண்டும். பிரசவத்திற்கு ஓடுபவரும் மருத்துவமனைக்கு விரைபவரும் அவ்வாறே. துயரத்தையும் ஆதாயப் பயணத்தையும் கணினி வேறுபடுத்துவதில்லை. அதற்கு இரண்டும் அவசரமே.

வேறுபடுத்த இயலாதா என்றால், இயலும். இந்திய ரயில்வே 1997-இல் தொடங்கிய தட்கல் முறையில், குறிப்பிட்ட இருக்கைகள் பயணத்திற்கு முந்திய நாள்தான் விற்பனைக்கு வருகின்றன. அதற்கும் கூடுதல் கட்டணம் உண்டாயினும், அதற்கு உச்ச வரம்பும் உண்டு. இதனினும் மேலாக, அவசர ஒதுக்கீடு என்னும் பெயரில் சில இருக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டு, அரசுப் பணியினர்க்கு மட்டுமன்றி இறப்பு, நோய் போன்ற காரணங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வட அமெரிக்காவின் சில விமான நிறுவனங்கள் நெருங்கிய உறவினரின் இறப்புக்குச் செல்வோர்க்குத் தனிச் சலுகைக் கட்டணம் வைத்துள்ளன. ஜப்பானின் அதிவேக வண்டிகளில் தூரக் கட்டணம் வேறு, விரைவுக்கும் இருக்கைக்குமான கட்டணம் வேறு எனப் பிரிந்துள்ளது; பருவத்திற்கேற்ப மாறுவது பின்னதில் சில நூறு யென் மட்டுமே.

ஆகவே நான் வேண்டுவது மிகையானதன்று. ஏறும் விலை இருக்கட்டும். ஆனால் ஏறுவதற்கோர் உச்சியும் இருக்கட்டும், அவ்வுச்சி எல்லாரும் அறிய அறிவிக்கப்படட்டும். ஒவ்வொரு வண்டியிலும் சில இருக்கைகளேனும் புறப்படும் நாள்வரை சாதாரணக் கட்டணத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, இறப்புக்கும் நோய்க்கும் செல்வோர்க்கு வழங்கப்படட்டும். சான்றைப் பின்னர்க் காட்டச் சொல்லலாம். அழுது நிற்பவரிடம் அப்போதே தாளைக் கேட்க வேண்டுவதில்லை. கைப்பேசி பழகாத முதியோர்க்கு மனிதர் அமர்ந்திருக்கும் முகப்பு ஒன்று எஞ்சியிருக்கட்டும்.

இதனால் நிறுவனங்கள் இழப்பது ஒரு பெட்டியில் இரண்டு மூன்று இருக்கைகளின் மிகை வருவாயே. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஏழைப் பயணியின் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லிற்று. அன்று அவனை நனைத்தது மழை. இன்று அவனை நனைப்பது அவசரம். கூரை போடுவதற்கு இன்றும் பெருஞ்செலவு ஆகாது.