ஊட்நடாட்டா ட்ராக்கில் ஒரு பொய் சொல்லும் சென்ஸார்

தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீ என்கிற சின்ன ஊரில் தொடங்கி மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் ஓடும் மண் சாலைக்கு ஊட்நடாட்டா ட்ராக் என்று பெயர். வெறும் பாலைவனத்தில் எதற்கு இந்த வழியாகப் போகுதுன்னு கேட்டால், பதில் தண்ணீர். பூமிக்கடியில் இருக்கும் கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் நீர் இந்த வரிசையில்தான் ஊற்றாக மேலே வருகிறது. அரபனா மக்கள் காலங்காலமாக ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்த வழி. 1872-ல் தந்திக் கம்பி அதே வழியில் வந்தது, பிறகு நீராவி ரயில். பழைய கான் ரயில் 1980-ல் நின்றுவிட்டது.

ஜூலை பள்ளி விடுமுறையில்தான் போனோம். கோடையில் குழந்தைகளோடு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஊட்நடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று பதிவான வெப்பம் 50.7 டிகிரி.

சாலை முழுக்க துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக மேடு. காருகேஷன் என்பார்கள். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு 80-ல் போனால் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கும். மாரீயிலிருந்து 90 கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி தடுமாற ஆரம்பித்தது. அதுவும் ஒரே இடத்தில். கால் லேசாக இருந்தால் சரி, நன்றாக அழுத்தினாலும் சரி. அந்த 80-க்கான மிதியில் மட்டும் இழுப்பு விட்டு விட்டு வரும், கியர் மேலும் கீழும் தாவும். எஞ்சின் விளக்கு எரிந்தது. கையிலிருந்த ஸ்கேனர் காட்டிய கோடு பி0121. அதாவது, த்ராட்டில் சென்ஸார் சொல்வது மற்ற விவரங்களோடு ஒத்துப்போகவில்லை.

கர்டிமுர்க்கா என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையத்தில் ஓரங்கட்டினோம். போனில் சிக்னல் கிடையாது. "இப்ப என்ன, முன்னாடி போறதா, திரும்புறதா?" என்றாள் மனைவி. அளந்து பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எங்களுடையது பழைய வண்டி. மிதிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள்தான். த்ராட்டில் தண்டின் முனையில் சென்ஸார், மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ட் உள்ளே வரும், ஒன்று எர்த், நடுவில் இருப்பது சிக்னல். உள்ளே ஒரு கரித்தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் சின்ன உலோக விரல். பழைய ரேடியோவின் வால்யூம் திருகி மாதிரியேதான். அதைத் திருகும்போது கரகரவென்று கேட்குமே, அந்த வியாதிதான் இதற்கும் வரும்.

முதலில் கனெக்டர். இந்தச் சாலையில் செம்புழுதி புகாத இடமில்லை. ஸ்ப்ரே அடித்துத் துடைத்து, வயரை ஆட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. பிறகு சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், மல்டிமீட்டரை சிக்னல் வயரில் வைத்தேன். மகள் மிதியை மெதுவாக அழுத்த, மகன் எண்களை வாசித்தான்.

"பாயிண்ட் ஏழு... ஒண்ணு... ஒண்ணு பாயிண்ட் மூணு... அப்பா, பாயிண்ட் ரெண்டுக்குப் போயிடுச்சு! இப்ப ஒண்ணு பாயிண்ட் ஆறு."

நாலு தடவை செய்தோம். நாலு தடவையும் அதே இடத்தில் விழுந்தது. மெதுவாக அழுத்துவது முக்கியம். வேகமாக அழுத்தினால் டிஜிட்டல் மீட்டர் அந்தப் பள்ளத்தைக் காட்டாமலே தாண்டிவிடும். ஒருமுறை வந்து ஒருமுறை மறையும் கோளாறுதான் எங்கள் தொழிலில் தூக்கத்தைக் கெடுப்பது. ஒவ்வொரு முறையும் வருவது பாதி தீர்ந்த மாதிரி.

மாற்று சென்ஸார் கையில் இல்லை. கனெக்டரைக் கழற்றிவிட்டேன். சிக்னலே வராவிட்டால், இதைப் போன்ற பழைய வண்டியின் கணினி அந்த சென்ஸாரை ஒதுக்கிவிட்டு, காற்றழுத்தத்தையும் எஞ்சின் சுற்றையும் வைத்து உத்தேசமாக ஓட்டும். தப்பாகச் சொல்கிற ஆளை விட வாயை மூடியிருக்கிற ஆள் தேவலை. (புது வண்டிகளில் கேபிளே இல்லை, அங்கே இதைச் செய்தால் வண்டி நகர மறுக்கலாம்.) ஸ்டேஷன் முன்னால் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். கியர் முரட்டுத்தனமாக விழுந்தது, ஆனால் தடுமாற்றம் போய்விட்டது.

அதனால் ஓர் ஒப்பந்தம். இன்னும் 30 கிலோமீட்டரில் இருக்கும் கவர்டு ஸ்பிரிங்ஸ் வரை 60-க்கு மேல் போகாமல் போவது, மறுநாள் மாரீக்குத் திரும்புவது. வழியில் பப்ளர் ஊற்றில் மணல் கொதிக்கிற மாதிரி குமிழ் விடுவதைப் பார்த்தோம். கவர்டு ஸ்பிரிங்ஸில் பேரீச்சை மரங்கள், மரத்தால் கட்டிய வெதுவெதுப்பான ஊற்றுத் தொட்டி. இருட்டும் வரை பிள்ளைகள் அதை விட்டு வெளியே வரவில்லை. எனக்கும் மனசில்லை.

ஊட்நடாட்டா இன்னும் பாக்கிதான்.

போர்ட் அகஸ்டாவில் புது சென்ஸார் கிடைத்தது. இரண்டு திருகாணி, பத்து நிமிட வேலை. மறுபடியும் மகள் அழுத்த, மகன் வாசிக்க, பாயிண்ட் ஏழிலிருந்து நாலு பாயிண்ட் மூணு வரை தடங்கலில்லாமல் ஏறியது. பழையதைத் திறந்தே ஆகணும் என்றாள் மகள். கத்தியால் நெம்பித் திறந்தோம். கறுப்புத் தடத்தின் முன்பகுதியில் ஓர் அரிசி நீளத்துக்கு மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தது. மிச்சமெல்லாம் புதுசு மாதிரி. "இதுதான் அந்த எண்பதாப்பா?" என்று கேட்டாள்.